நாடி நூற்றுப்பத்தைத் தாண்டவில்லை

நாள் 1. 2047 ஜூன் 3, திங்கள். காலை 9:40

இடம்: இளையோர் விளையாட்டுத் தர வாரியம், கிண்டி, ஆய்வறை 2. ஆய்வாளர்: முனைவர் செங்கமலம், உளவியல், வயது 47. ஆய்வுப் பொருள்: 'எதிர்த்தெரு' என்னும் மெய்நிகர் விளையாட்டு. கேட்கும் சான்றிதழ்: 13+. அறை வெப்பம் 24. என் இயல்பு நாடி 84. கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது.

இந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. பதினோரு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் என்றைக்காவது ஒரு புண்ணியவான் வருவான் என்று விவரமாக எழுதுவது என் வழக்கம்.

முறை இதுதான். ஒன்பது நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், நான் தனியாக விளையாட வேண்டும். வெளியுலகக் கவலை நாடியைக் கெடுக்கும் என்பதால் வீட்டுக்குப் போகக் கூடாது. பக்கத்துக் கட்டுப்பாட்டறையில் தொழில்நுட்பர் சபூரா இருக்கிறாள்; அவளோடு ஒலிபெருக்கி வழியாகப் பேசலாம். மகளிடமிருந்து தினம் ஒரு நிமிடக் குரல் செய்தி வரும். நான் 'தகுதி' என்று எழுதினால் பத்தாம் நாள் ஆறு பிள்ளைகள் விளையாடிப் பார்ப்பார்கள். 'வேண்டாம்' என்று எழுதினால் அத்தோடு சரி.

அந்த ஆறு பிள்ளைகளும் வாரியத்து ஊழியர்களின் பிள்ளைகளே. வெளியார் எவரும் பெற்ற பிள்ளையைத் தர மாட்டார்கள். அவர்களுக்குப் புத்தி இருக்கிறது. நாங்கள் ஜூன் பிறந்ததும் பள்ளி டயரியில் கையெழுத்துப் போடும் சூட்டோடு ஒப்புதல் தாளிலும் போட்டுவிடுவோம். இந்த முறை பட்டியலில் மூன்றாம் பெயர் ஆதிரை. வயது பதின்மூன்றரை. என் மகள்.

காலைத் தேநீரில் சர்க்கரை இல்லை. சபூராவைத் திட்டினேன். நாடி 97.

நாள் 1. மாலை 3:15

முதல் நான்கு மணி நேரம் முடிந்தது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நான் ஒரு தெருவில் குடியிருக்கிறேன். எதிர்த்தெருவைக் காலி செய்ய வேண்டும். கையில் ஒரு வெள்ளைக் குழாய். அழுத்தினால் எதிரில் இருப்பவர் இலவம்பஞ்சாக உதிர்ந்து பறந்துவிடுவார். 'கொல்' என்ற சொல்லே கிடையாது. 'அனுப்பு' என்கிறார்கள். என்ன நாகரிகம்!

படிவத்தில் 62 கேள்விகள். ரத்தம் தெரிகிறதா? இல்லை. காயம்? இல்லை. கெட்ட வார்த்தை? இல்லை. மது? இல்லை. எவனாவது பீடி பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வாசகம் ஓடுகிறதா என்பதற்கு மட்டும் நான்கு கேள்விகள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணை எதற்காக அனுப்ப வேண்டும் என்று கேட்க ஒரு வரி இல்லை. அவள் திரும்பிப் பார்த்து, "என்னங்க, என்ன வேணும்?" என்றாள். அப்புறம்தான் அழுத்தினேன். மாடி முழுக்கப் பஞ்சு.

உச்ச நாடி 109. எல்லை 110. அதற்கு மேல் தொடர்ந்து மூன்று நிமிடம் போனால் விளையாட்டு தானாகவே நிராகரிக்கப்படும். அது விதி 14. எழுதியவள் நான். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு பையன் பேய் விளையாட்டில் பயந்து மயங்கி விழுந்தபோது, மேலிடத்தில் ஒவ்வொரு மேசையாகத் தட்டி நான் வாங்கிய விதி. இந்த உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

109. ஒன்றே ஒன்று குறைவு. எனக்குப் பிடிக்கவில்லை.

நாள் 2. ஜூன் 4. மாலை 3:20

உச்ச நாடி 101. இன்று அனுப்பியவர்கள் 46 பேர். அதில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார்.

கண்டுபிடித்துவிட்டேன். உடையோடு ஒரு கழுத்துப்பட்டை வருகிறது. நாடியை அளக்கத்தான் என்று நினைத்தேன். அளப்பது மட்டுமில்லை. நாடி ஏறத் தொடங்கியதும் கழுத்து நரம்பின் மேல் மெல்லத் தட்டுகிறது. தூளியில் கிடக்கும் பிள்ளையைத் தட்டுவது போல, மெதுவாக, இன்னும் மெதுவாக. இதயமும் அந்தத் தாளத்துக்கு இறங்கிவிடுகிறது. நான் குழாயை நீட்டும்போது தட்டல் இன்னும் இதமாகிறது.

கையேட்டைப் புரட்டினேன். பக்கம் 212: "வாரியத்தின் விதி 14க்கு இணங்க, இளம் பயனாளர் பதற்றமடையாதிருக்க இப்பாதுகாப்பு வசதி சேர்க்கப்பட்டுள்ளது."

என் விதி! பிள்ளைகள் பதறக் கூடாது என்று நான் எழுதினேன். அவர்கள் பதறாமல் கொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எழுதும்போது என் மூளை எந்தச் சந்தையில் விலை போயிருந்தது? பயமுறுத்தும் விளையாட்டைத் தடுக்கத் தெரிந்த எனக்கு, பயத்தையே பிடுங்கிப் போடும் விளையாட்டு ஒன்று வரும் என்று தோன்றவில்லை.

நாள் 3. ஜூன் 5. காலை 10:05

இயக்குநர் வெங்கடவரதனோடு ஒலித்தொடர்பு. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்த கெடுதலை எழுத இந்தப் பதிவேடு போதாது. பேச்சு அப்படியே:

நான்: "சார், இது கொல்றப்போ பதறாம இருக்கப் பழக்குது."

இயக்குநர்: "நாடி எவ்வளவும்மா?"

நான்: "எண்பத்தெட்டு."

இயக்குநர்: "நல்லதுதானே?"

நான்: "ஐயோ, அதுதான் சார் கெட்டது! கும்பிட்டு நிக்கிற ஆளை அனுப்பிட்டு எண்பத்தெட்டுல இருக்கேன். டீல சர்க்கரை இல்லேன்னா எனக்குத் தொண்ணூத்தேழு!"

இயக்குநர்: "செங்கமலம், விதியை எழுதினது நீங்க. நூத்திப்பத்துக்குள்ள இருந்தா பாஸ். உங்க கோபத்தை வச்சு நான் கோப்பு நகர்த்த முடியாது. ஆனா கடைசியில ஆய்வாளர் கருத்துன்னு ஒரு பக்கம் இருக்கு பாருங்க. முப்பத்தாறு மணி நேரத்தையும் முடிச்சிட்டு அதுல வேண்டாம்னு எழுதுங்க. மறுபேச்சில்லாம நிறுத்திடறேன். பாதியில வெளிய வந்தீங்கன்னா அந்தப் பக்கம் செல்லாது. லோகநாதனைத்தான் உள்ள அனுப்பணும்."

இன்னோர் ஆய்வாளரான லோகநாதன் இதுவரை எந்த விளையாட்டையும் மறுத்ததில்லை. படிவத்தைப் பார்க்காமலே நிரப்புவான்.

ஆக, வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு வேண்டுமென்றால் இன்னும் இருபத்தெட்டு மணி நேரம் இதற்குள் கிடக்க வேண்டும். கிடக்கிறேன். என் பிடிவாதத்தைப் பற்றி இவர்களுக்குத் தெரியாது. என் கணவர் கேட்டால் சொல்வார். அதற்குப் பயந்துதான் துபாயில் இருக்கிறார்.

நாள் 3. பகல் 1:10

ஆதிரையின் செய்தி: "அம்மா, கிளாஸ்ல எல்லாரும் எதிர்த்தெரு எப்போ வரும்னு உன்னைக் கேக்கச் சொல்றாங்க. நான் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன், ரகசியம்னு. கெத்தா இருந்துச்சு. சித்தி வச்ச சாம்பார்ல உப்பே இல்லம்மா. சீக்கிரம் வா. ரஸ்க் உன் செருப்பைக் கடிச்சிட்டான், திட்டாத."

ரஸ்க் எங்கள் நாய். புதுச் செருப்பு. வந்து தோலை உரிக்கிறேன், இருவரையும். மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

நாள் 5. ஜூன் 7. பகல் 2:30

உச்ச நாடி 79. அனுப்பியவர்கள் 118.

காலையில் குளிரூட்டி நின்றுவிட்டது. சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம்; வந்ததும் சபூரா கை தவறி ரசத்தைக் கொட்டிவிட்டாள். துடைத்துவிட்டு அறைக்குப் போனவள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள்.

"மேடம், உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"இல்ல... நீங்க திட்டவே இல்லையே."

உண்மை. திட்டவில்லை. திட்ட வேண்டும் என்று தோன்றவுமில்லை. ரசம் தரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதும்போது பயம் வருகிறது. வருகிறது என்று எழுதுவதே தவறு. பயப்பட வேண்டும் என்று தெரிகிறது, அவ்வளவுதான். நெஞ்சில் ஒன்றும் இல்லை.

நாள் 5. மாலை 4:00

கழுத்துப்பட்டையைக் கழற்றிவைத்துச் சோதித்தேன். விளையாட்டில் இல்லை, அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னை எரிச்சலூட்டும்படி ஏதாவது சொல் என்று சபூராவிடம் கேட்டேன். பாவம், தயங்கித் தயங்கி, "மேடம், உங்க விதி 14தான் மேடம் இத்தனைக்கும் காரணம்" என்றாள்.

மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்; நாடி ஏறவில்லை. கழுத்தில் பட்டை இல்லை. தட்டல் மட்டும் இருந்தது. உடம்பு பழகிக்கொண்டு தானே தட்டிக்கொள்கிறது.

நாற்பத்தேழு வருடம் முன்கோபக்காரி என்று பெயர் வாங்கியவளுக்கு ஐந்து நாளில் இந்த நிலை என்றால் பதின்மூன்று வயதுக் குழந்தைக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?

நாள் 6. ஜூன் 8. காலை 9:00

புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கிறேன். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கவனிக்கவும்.

இந்த விளையாட்டு இளையோருக்கு வேண்டாம். பதின்மூன்றுக்கும் வேண்டாம், முப்பதுக்கும் வேண்டாம். இது என் முடிவு. ஒன்பதாம் நாள் நான் வேறு மாதிரி எழுதினால் அதை எழுதியது நான் இல்லை.

சபூராவிடமும் சொன்னேன். அவள் பதில்: "நான் காண்ட்ராக்ட் ஆளு மேடம். என் பேச்சை யாரு கேப்பா? நீங்களே வெளிய வந்துடுங்க மேடம், ப்ளீஸ். கதவைத் தொறக்கட்டுமா?"

திறந்தால் லோகநாதன். உள்ளே இருந்தால் நான். எந்தப் பக்கம் போனாலும் மூன்றாம் பெயர் ஆதிரை. ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன் என்று இயக்குநருக்கு எழுதினேன். "வருடாந்திர ஒப்புதல், இடையில் திரும்பப் பெற இயலாது" என்று அரை மணியில் பதில் வந்தது. இந்த அலுவலகத்தில் இவ்வளவு வேகமாக ஒரு கடிதத்துக்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை.

இன்னும் மூன்றரை நாள். தாக்குப்பிடிப்பேன். பிடிக்க வேண்டும்.

நாள் 7. ஜூன் 9. பகல் 1:05

ஆதிரையின் செய்தி: "அம்மா... ரஸ்க் செத்துப்போயிட்டான்மா. லாரி... கேட்டு தொறந்திருந்துச்சு, நான்தான் சாத்தாம விட்டுட்டேன்... அம்மா, நீ ஒரு தடவை பேசேன். ஒரே ஒரு தடவை. சித்தி அழாதேங்கறாங்க. என்னால முடியலம்மா."

பதில் அனுப்ப விசேஷ அனுமதி கேட்டு வாங்கிக் கொடுத்தாள் சபூரா. நான் அனுப்பிய பதில்: "சரி. மாநகராட்சிக்குப் போன் செய்யச் சொல், வந்து எடுத்துப் போவார்கள். கேட்டைச் சாத்தி வை."

அனுப்பிய பிறகு மறுபடி கேட்டுப் பார்த்தேன். குரலில் குறை ஒன்றும் இல்லை. தெளிவாக இருந்தது. ஆனால் இது ஒரு தாய் சொல்லும் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். படித்த பாடம் போல அது ஞாபகத்தில் இருக்கிறது.

நாடி 71.

நாள் 8. ஜூன் 10. காலை 8:30

கோபத்தை வரவழைக்க முயற்சி. ஒன்று: என் கல்யாணத்தில் மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தையை நினைத்துப் பார்த்தேன். நாடி 70. இரண்டு: தொடையில் கிள்ளினேன். தோல் கன்றியது. 72. மூன்று: ரஸ்க் குட்டியாக இருந்தபோது ஆதிரை தன் மழைக்கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. 70. நான்கு: ஆதிரை எதிர்த்தெருவில் குழாயோடு நிற்பது.

70.

செங்கமலம், அழு. அழுதுவிடு அம்மா. யாரும் பார்க்கவில்லை.

வரவில்லை.

நாள் 8. மாலை 3:15

உச்ச நாடி 69. அனுப்பியவர்கள் 204. இறுதிக் கட்டம் திறந்துள்ளது. குறி தவறிய முறை: 0.

நாள் 9. ஜூன் 11, செவ்வாய். மாலை 4:40

முப்பத்தாறு மணி நேரம் நிறைவு. உச்ச நாடி 68.

ஆய்வாளர் கருத்து: விளையாட்டின் ஒலியும் காட்சியும் தரமானவை. ரத்தம், ஆபாசம், புகை, மது, தகாத சொல் எதுவும் இல்லை. விதி 14 முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டுள்ளது. பயனாளர் மனம் அமைதி அடைகிறது. தேர்வுக் காலத்தில் மாணவர்களுக்கு உதவக்கூடும்.

முடிவு: இரண்டாம் கட்டத்துக்குத் தகுதி.

ஆறாம் நாள் பதிவைப் படித்தேன். எழுதியவர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். அதற்குத் தரவு ஆதாரம் இல்லை. நீக்கப் பரிந்துரைக்கிறேன்.

சபூரா தாளை வாங்கிப் படித்தாள். "மேடம், லிஸ்ட்ல ஆதிரை இருக்கா மேடம்" என்றாள். பெயர் பட்டியலில் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

நாள் 10. ஜூன் 12, புதன். காலை 11:02

இரண்டாம் கட்டம். நான் கட்டுப்பாட்டறையில், சபூராவுக்குப் பக்கத்தில். முதல் இரு பிள்ளைகளும் முடித்துவிட்டார்கள். உச்ச நாடி 104, 107.

மூன்றாவது: ஆதிரை. உள்ளே போகும் முன் என்னைக் கட்டிப்பிடித்தாள். முகம் வீங்கியிருந்தது. "ஏம்மா என்கிட்ட அப்படிப் பேசின?" என்று கேட்டாள். தலைக்கவசத்தின் பட்டியை இறுக்கிவிட்டேன்.

காலை 11:19. முதல் இலக்கு: வாசலில் ஒரு சிறுமி, கையில் தண்ணீர்க் குடம். ஆதிரை குழாயை நீட்டவில்லை. நாடி 131.

11:20. ஒலித்தொடர்பு. "அம்மா, இது வேணாம்மா. அந்தப் பாப்பா என்னை அக்கான்னு கூப்பிடுதும்மா. கும்பிடுதும்மா. நான் மாட்டேன்." அழுகை. நாடி 148. பட்டை தட்டுகிறது, நாடி இறங்கவில்லை.

எல்லை தாண்டி 1 நிமிடம் 10 விநாடி. மூன்று நிமிடம் ஆனால் விளையாட்டு நிராகரிக்கப்படும்.

1 நிமிடம் 50 விநாடி. நாடி 156. சபூரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், ஒண்ணும் பண்ணாதீங்க. இன்னும் ஒரு நிமிஷம் அழட்டும் மேடம். அழுதாப் போதும், எல்லாப் பிள்ளைங்களும் தப்பிச்சிடும். உங்க விதி மேடம், உங்க விதி!"

அவள் சொன்னது சரி. விதி 14, பிரிவு 3.

2 நிமிடம் 15 விநாடி. "அம்மா! அம்மா நீ இருக்கியா?"

ஒரு பிள்ளை அழுதால் தாய் சமாதானப்படுத்த வேண்டும். அது எனக்கு ஞாபகம் இருந்தது. சபூராவின் கையை எடுத்துவிட்டு ஒலிவாங்கியை அழுத்தினேன்.

"இருக்கேன்டா கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன். ஒண்ணுமில்ல. மூச்சை உள்ள இழு. மெதுவா விடு. கழுத்துல தட்டுது பாரு, அது அம்மா கைன்னு நெனச்சுக்கோ. அவ்வளவுதான். அழக் கூடாது, என் தங்கமில்ல. இப்போ குழாயைத் தூக்கு. பாப்பாவைப் பாக்காத, பஞ்சைப் பாரு. அழுத்து."

2 நிமிடம் 48 விநாடி. அழுத்தினாள். நாடி 109.

11:26. நாடி 96.

11:40. நாடி 81. அனுப்பியது 14.

காலை 11:52

தொழில்நுட்பர் சபூரா பணியிடத்தை விட்டு வெளியேறினார். தாழ்வாரத்தில் சத்தமாக அழுதுகொண்டிருக்கிறார். மற்ற பிள்ளைகளின் நாடியைப் பாதிக்கக்கூடும். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்ப வேண்டும்.

பகல் 12:00

ஆதிரையின் நேரம் முடிந்தது. திரையை அணைக்கப் போனேன். ஒலித்தொடர்பு வந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"அம்மா, முடிஞ்சிருச்சா? கட்டிலுக்கடியில இன்னும் ரெண்டு பேர் ஒளிஞ்சிருக்காங்க. அனுப்பிட்டு வந்துடறேனே?"

ஐந்து நிமிடம் நீட்டித்துக் கொடுத்தேன்.

ஆதிரையின் நாடி 70. பரிந்துரைக்கும் சான்றிதழ்: 13+.